வராதவன் காசில் ஒரு விருந்து

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. இன்டர்னல், அசைன்மென்ட், அக்கா நிச்சயதார்த்தம் என்று பொழுது ஓடிவிட்டது. இப்பவும் எழுதுகிற மூடில் இல்லை. ஆனால் இங்கே கொட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கத்த வேண்டியிருக்கும். நான் கத்தினால் எப்படி இருக்கும் என்று என் வகுப்புக்குத் தெரியும் :-)

விஷயம் இதுதான். எங்கள் வணிகவியல் துறையின் ஆண்டுக் கருத்தரங்கை இந்த வருடம் கல்லூரி ஹாலில் நடத்த வேண்டாமாம். ஒயிட் டவுனில் இருக்கும் ஒரு பாரம்பரிய சொகுசு ஹோட்டலில் நடத்தலாமாம். (ஹோட்டல் பெயரைக் கேட்காதீர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கொட்டேஷன் கேட்டோம், ஒழுங்காகக் கொடுத்தார்கள்.) போன வாரம் துறைச் சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். பொருளாளர் என்ற முறையில் பட்ஜெட் போட்டவனும் நான்தான். ஆகவே இந்தப் பதிவில் விழும் முதல் அடி எனக்கே.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பாண்டிச்சேரியை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடல் பக்கம் இருப்பது ஒயிட் டவுன். பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அந்தக் காலத்தில் அதற்குக் கறுப்பு நகரம் என்றே பெயர். மஞ்சள் சுவர், உயரமான ஜன்னல், மதிலில் காகிதப்பூ என்று நீங்கள் சினிமாப் பாட்டுகளில் பார்ப்பதெல்லாம் கிழக்குப் பக்கம். அந்த வீடுகளில் சில இன்று ஹோட்டல்கள். அறை வாடகை ஒரு வருமானம் என்றால், கம்பெனி மீட்டிங், டீலர் சந்திப்பு, கல்யாண வரவேற்பு எல்லாம் இன்னொரு வருமானம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஹோட்டல்களை இழுத்து மூட வேண்டும் என்கிற ஆள் நான் இல்லை. பழைய வீட்டைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கலைச் செருகி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இதற்கெல்லாம் வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே கஷ்டம். கடற்கரைச் சாலையில் 1870களில் கட்டிய மேரி கட்டடம் என்ன ஆனது? பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்ட சுமார் 15 கோடி ரூபாய் ஆனது. 2021இல் திறந்தார்கள். ஒரு கட்டடத்தில் ஆளும் வருமானமும் இருந்தால்தான் அது நிற்கும். அதை நான் மறுக்கவில்லை.

அதிலும் மீட்டிங் வியாபாரம் நல்ல வியாபாரம். சென்னை, பெங்களூர்க் கூட்டம் சனி ஞாயிறுதான் இங்கே வருகிறது. செவ்வாய், புதனில் அறையை நிரப்புவது கம்பெனிக் கூட்டங்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு நிகழ்ச்சிக்காக எடுக்கும் ஹால் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்தான் சேவை வழங்கப்பட்ட இடம். அதனால் சென்னைக் கம்பெனி இங்கே வந்து ஹால் எடுத்தால், வரியில் மாநிலப் பங்கு புதுச்சேரி அரசுக்கு வருகிறது. வரட்டும், நல்லதுதான்.

ஆனால் அந்தக் கம்பெனி தன் காசில் வருகிறது. நாம் யார் காசில் போகிறோம்?

இதோ நான் போட்ட பட்ஜெட். ஒரு தட்டுக்கு 1,600 ரூபாய். ஹால், மதியச் சாப்பாடு, இரண்டு டீ எல்லாம் அதில் அடக்கம். குறைந்தபட்ச உத்தரவாதம் 120 தட்டு. அதாவது 90 பேர் வந்தாலும் 120 பேருக்குப் பணம், 130 பேர் வந்தால் 130க்கும் பணம். 120 தட்டுக்கு 1,92,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 34,560. சிறப்பு விருந்தினர் இரண்டு பேருக்கு ஒரு இரவு அறை, அறைக்கு 9,000 வீதம் 18,000. அதற்கு ஜிஎஸ்டி 3,240. மேடை, சவுண்டு 25,000. கூட்டினால் 2,72,800. ஒரு கோச்சிங் சென்டர் ஸ்பான்சராக 60,000 தருகிறது. மீதி 2,12,800. மூன்று வருடமும் சேர்த்து நாம் 140 பேர். தலைக்கு 1,520.

எல்லாம் சரியாக வகுபட்டதில் எனக்கே பெருமை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. 140 பேரிடம் வசூல், தட்டு மட்டும் ஏன் 120? அதிலும் பத்து தட்டு ஆசிரியர்களுக்கும் விருந்தினருக்கும். ஆக மாணவர் தட்டு 110. மிச்சம் 30 பேர்? பட்ஜெட் தாளின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வராதோர் உத்தேசம் 30'.

அந்த 30 பேர் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள். பாகூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். 'அந்த மாதிரி இடத்துக்குப் போட்டுட்டுப் போக டிரஸ் இல்லடி' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரிந்தே தட்டைக் குறைத்தோம். வரமாட்டார்கள் என்று தெரிந்தே பணத்தைக் குறைக்கவில்லை. 30 பேர், தலைக்கு 1,520, மொத்தம் 45,600 ரூபாய். நாம் சாப்பிடப்போகிற சாப்பாட்டில் அது அவர்கள் பங்கு. கணக்கில் தப்பே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வரியையும் பாருங்கள். ஒரு கம்பெனி தான் பதிவு செய்திருக்கும் மாநிலத்திலேயே ஹால் எடுத்தால், ஹால் வாடகைக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. (சாப்பாட்டு வரிக்குப் பொதுவாகக் கிடையாது. அரியர் வைத்தவர்கள் பிரிவு 17(5)ஐப் புரட்டவும்.) மொத்தச் செலவையும் வியாபாரச் செலவாகக் காட்டலாம். நமக்கு எதுவும் கிடையாது. 37,800 ரூபாய் வரி, கடைசிப் பைசா வரை நம் வீட்டுக் காசு. சொகுசு ஹோட்டல் மீட்டிங் என்பதே வேறொருவர் பில் கட்டும் ஏற்பாடு. சம்பளம் வாங்கும் அதிகாரிக்குக் கம்பெனி கட்டும். நமக்கு அப்பா கட்ட வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

ஒன்று: 'மச்சி, எக்ஸ்போஷர் வேணும்டா. நாளைக்கு கார்ப்பரேட்ல இந்த மாதிரி இடத்துலதான் மீட்டிங் நடக்கும்.' நடக்கட்டும். வேலை கொடுத்த பிறகு அவர்களே கூட்டிப்போவார்கள். இன்டர்வியூவில் யாரும் ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பாய் என்று கேட்பதில்லை, தேய்மானத்துக்கு ஜர்னல் என்ட்ரி சொல் என்கிறார்கள். உண்மையான எக்ஸ்போஷர் அந்தக் கொட்டேஷனிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச உத்தரவாதம், ரத்து செய்தால் பிடித்தம், புரொஜெக்டருக்குத் தனிக் கட்டணம். அந்த நாலு பக்கத்தில் நான் கற்றுக்கொண்டது ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம். வேண்டுமானால் வகுப்பில் ஒரு மணி நேரம் இலவசமாக நடத்துகிறேன்.

இரண்டு: 'வரலாறு இருக்கிற இடம், ஒரு ஃபீல் இருக்கும்.' இதைச் சொன்னவரிடம் அன்போடு கேட்கிறேன், யாருடைய வரலாறு? 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். ஒயிட் டவுனில் நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழும்பியது. நம் பாடத்துக்கு வேண்டிய வரலாறு வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு வியாபாரி. 1736இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் யாருக்குக் கடன் என்று எழுதி வைத்த மனிதர். அவர் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில்தான் இருக்கிறது. வணிகவியல் படிக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருக்கிறோம்? திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக இருந்த மேற்குப் பக்க வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடி ஆகின்றன. அதற்காகக் கை தூக்கியிருக்கிறோமா?

மூன்று: 'ஒரு நாள்தானே, லைஃப்ல ஒரு தடவை.' இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

கருத்தரங்கு முடிந்து மாலையில் ஒரு கலைநிகழ்ச்சி உண்டு. அதற்கு நம் கமிட்டி யோசித்த தீம், 'காலனியக் கால மாலை'. நாம் வெள்ளை உடையில் போக வேண்டும். பரிமாறுகிறவர்களுக்குச் சிவப்புத் தலைப்பாகை. ஹோட்டல்காரர்கள் கேட்கவில்லை, நாமாக யோசித்தது. கமிட்டி குரூப்பில் இதற்கு இருபது கைதட்டல்.

நம் வகுப்பில் ஒருவன் சாயங்காலம் பேங்க்வெட் வேலைக்குப் போகிறான். ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி. எந்த ஹோட்டல் கூப்பிட்டாலும் போவான். கேன்டீனில் அவனிடம் சும்மா கேட்டேன், 'நீ வருவ இல்ல?' டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: 'வருவேன்டா. அன்னிக்கு அங்க ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு நான்தான் சர்வ் பண்ணப்போறேன்னு நெனைக்கிறேன்.'

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னான். அந்த 1,520ஐ அவனும் கட்ட வேண்டும். கட்டிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நமக்குத் தட்டு நீட்ட வேண்டும்.

என் தாத்தா ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர். 1898இல் தொடங்கிய அந்த மில் 2020இல் மூடப்பட்டது. இந்த ஊரில் 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய மில் தொழிலாளிகள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இதுவும் காலனியக் காலம்தான். அந்த மாலைக்கு என்ன உடை போடுவதாக உத்தேசம்?

இப்போது அந்த 'ஒரு நாள்தானே'வுக்குப் பதில். ஆமாம், ஒரே நாள்தான். ஆனால் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் யார் நாற்காலியில் உட்காருவது, யார் தட்டைப் பிடித்து நிற்பது, யார் வராமலே காசு கட்டுவது என்று அந்த ஒரு நாள் பிரித்துக் காட்டிவிடும். மறுநாள் திரும்ப அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறவன் இல்லை நான். மாற்று பட்ஜெட் இதோ. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், வாடகை இல்லை, மைக் நம்முடையதே. 150 பேருக்கு வாழை இலைச் சாப்பாடு, இலைக்கு 180 வீதம் 27,000. விருந்தினருக்குச் சாதாரண ஹோட்டலில் இரண்டு அறை, வரியோடு 5,250. அச்சு, நினைவுப் பரிசு 10,000. மொத்தம் 42,250. ஸ்பான்சர் பணம் 60,000. நாம் கட்ட வேண்டியது பூஜ்யம். கல்லூரியில் நடத்தினால் ஸ்பான்சர் ஓடிவிடுவார்கள் என்று பயமா? போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு பேனரும் 140 போன் நம்பரும்தானாம் :-) மீதமாகும் 17,750ஐப் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு வைப்போம். மதியத்துக்கு மேல், விருப்பமுள்ளவர்கள் ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு வரை நடப்போம். அதுவும் பாரம்பரியம்தான். நடக்கக் காசு வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மறு ஓட்டெடுப்பு கேட்கப்போகிறேன். இந்தத் தடவை கை தூக்க வேண்டாம், சீட்டில் எழுதிப் போடுவோம். 'என்னால் கட்ட முடியாது' என்பதை 140 பேருக்கு நடுவில் கை தூக்கிச் சொல்ல யாராலும் முடியாது. போன வாரம் எல்லாக் கையும் மேலே போனதன் ரகசியம் அதுதான். சீட்டிலும் ஹோட்டலே ஜெயித்தால் வாயை மூடிக்கொண்டு பில் கட்டுகிறேன். ஆனால் அப்போதும் வருகிறவர்களிடம் மட்டும்தான் வசூலிப்பேன். அந்த ஓரக்குறிப்பை அடித்துவிட்டேன்.

டிஸ்கி: கமிட்டி நண்பர்கள் யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். தலைப்பாகை தீமுக்குக் கைதட்டிய இருபது பேரில் நானும் ஒருவன்.