விடைத்தாளை நண்பனிடம் கொடுங்கள்!

கல்வியை நான்கு பங்காகப் பிரித்தார் பவணந்தி முனிவர். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய இரண்டும் நிரம்பும். நன்னூற் பொதுப்பாயிரம் தரும் கணக்கு இது. 13-ஆம் நூற்றாண்டு நூல். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் அந்தக் கணக்குப்படி படிக்கிறோமா? முதற் கால் பங்கோடு நின்றுவிட்டோம் என்பதே என் கருத்து.

அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்கிறார்கள். அகத்தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும் நம் கண் எங்கே போகிறது? மேலே உள்ள எண்ணுக்கு! அடுத்தவர் வாங்கிய எண்ணையும் எட்டிப் பார்க்கிறோம். அவர் என்ன எழுதினார் என்று பார்ப்பதில்லை.

எங்கள் ஜலகண்டாபுரம் தறி ஓடும் ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கவனியாமல் நெய்துகொண்டே போனால் துணியின் நீளத்துக்கும் கோடு விழும். துணி தறியை விட்டு இறங்கிய பின் குறை காண்பவர் கூலியைக் குறைக்கலாம். கோட்டை அழிக்க முடியாது. பருவத் தேர்வு அந்தக் கடைசிப் பார்வையைப் போன்றது. தறியில் இருக்கும்போதே குறையைக் காணக்கூடியவர்கள் நெய்பவரும் பக்கத்துத் தறிக்காரருந்தான்.

"மாணவனுக்கு மாணவன் என்ன சொல்லித் தர முடியும்?" என்று பேராசிரியர்கள் சிலர் கேட்கலாம். சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, கற்ற சிறுவனைக் கொண்டே கல்லாத சிறுவனுக்குச் சொல்லித் தரச் செய்தார். 1797-இல் இலண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆனால் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நான் மீண்டும் அழைக்கவில்லை. அவர் கையில் பிரம்பு இருந்தது. நான் கேட்பது ஒரு பென்சில்.

சக மாணவர் மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் நட்புக்கு முழு மதிப்பெண், பகைக்குப் பாதி என்றாகிவிடும். (கல்லூரிப் பேரவைத் தேர்தல் நேரமென்றால் கேட்கவே வேண்டாம்!) எண்ணை ஆசிரியர் போடட்டும், நண்பர் சொல்லை எழுதட்டும். "இந்தப் பத்தி வினாவுக்கு விடையாகவில்லை", "இதற்குச் சான்று எங்கே?" என்பவைபோல எழுத வேண்டும். 'பிரமாதம்' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. தாளைக் கொடுக்கும் முன் அதை எழுதியவரே, தம் விடை எங்கே தளர்கிறது என்று ஓரத்தில் கோடிட வேண்டும். அவர் கோடிட்ட இடமும் நண்பர் கோடிட்ட இடமும் வேறுவேறானால் இருவரும் உட்கார்ந்து பேச விஷயம் கிடைத்துவிட்டது. இதில் எழுதியவரைவிடத் திருத்தியவருக்கே இலாபம் அதிகம் என்பேன். பவணந்தியார் எடுத்துரைப்பதற்கு இரட்டைப் பங்கு ஒதுக்கியது சும்மாவா?

நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே எழுதும் கட்டுரையைப் படித்துப் பார்த்துக் குறை சொல்ல வீட்டில் ஆளில்லை. வசதியுள்ளவர்க்குத் தனிப்பயிற்சி உண்டு. நமக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை விட்டால் வேறு யார்?

பேராசிரியப் பெருமக்களை வேண்டுவது இதுதான்: விடைத்தாள் திருப்பித் தரும் நாளில் ஒரு பாடவேளையை எங்களிடம் விட்டுவிடுங்கள். தமிழ்த்துறையே முதலில் தொடங்கலாம். நன்னூல் நடத்துபவர்கள் அவர்கள்தானே!