கரடிக்கு எந்த ரிவால்வர்?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை வேளையில் நடப்பவர்களுக்குப் பேச்சுக்கு விஷயப் பஞ்சம் ஏற்பட்டதே கிடையாது. சர்க்கரை வியாதி, பிள்ளைகளின் மார்க்கு, ஏரியில் வந்து இறங்கியிருக்கும் பறவைகள், ஆவடி ரயில்வே கேட்டில் நின்ற நேரம் - இப்படி ஒன்று போனால் ஒன்று வரும். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னுடன் நடந்து வந்த என் மருமான் கேட்ட கேள்வியை அந்தக் கரை அதற்கு முன் கேட்டிருக்குமா என்பது சந்தேகமே.

"மாமா! கைத்துப்பாக்கி ஒன்று வாங்கவேண்டும். எதை வாங்கலாம், சொல்லுங்கள்."

எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைத் துரிதப்படுத்தினார்.

பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நேயர்கள் நினைக்கலாம். பாடம் சொல்லிக் கொடுப்பதோடு எங்கள் பள்ளிக்கூடத்து என்.சி.சி. படையையும் பல வருஷங்களாக நான் கவனித்து வருகிறேன். .22 ரைபிளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துச் சுடக் கற்பிக்கும் உத்தியோகம் அது. ஆகையால் துப்பாக்கி என்றால் மாமாதான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பிரமை நிலைத்துவிட்டது.

விஷயம் இதுதான். என் அக்கா கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தனியாக வசிக்கிறாள். அத்திம்பேர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. கொஞ்சம் தேயிலை, ஒரு சிறு வீடு, இரண்டு பூனை. வயது அறுபத்தெட்டு. மகனோ இங்கே ஆவடியில் வேலை பார்க்கிறான். பத்து நாளைக்கு முன் இரவு இரண்டு மணிக்கு அக்காவின் சமையலறைப் பின்கதவைக் கரடி ஒன்று பெயர்த்துப் போட்டுவிட்டு, எண்ணெய்த் தூக்கையும் வெல்லப் பானையையும் காலி செய்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பிப் போயிருக்கிறது. அக்கா நடு அறையைத் தாழிட்டுக்கொண்டு விடியும் வரையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாளாம். அதைக் கேட்ட நாள் முதல் பையனுக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான் இல்லை.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சோலைக்காடு துண்டு துண்டாக நிற்கும் சீமை அது. கோவில் விளக்கு எண்ணெயை நக்குவதற்காகக் கரடி கர்ப்பக்கிரகம் வரையில் போன செய்தி பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கிறது. ஆகவே மருமானின் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எதை வாங்கலாம் என்பதிலிருந்தே ஆரம்பித்தேன்.

நம் தேசத்தில் ஒரு குடிமகன் லைசென்ஸ் பெற்று வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அல்லது .22 அளவுதான். பட்டாளத்தாரும் போலீஸாரும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கும், பழைய .38, .455 ரிவால்வர்களுக்கும் சட்டம் தடைசெய்யப்பட்ட துளை என்று பெயர் வைத்து ஒதுக்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தனி மனிதர் தருவித்துக்கொள்வதும் 1980களின் நடுவில் அநேகமாக நின்று போயிற்று. மீதி இருப்பது சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கும், அண்மையில் முளைத்த சில தனியார் சரக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த வெப்ளி ரிவால்வர் இருக்கிறதே, அதே பெயரில் இப்போது உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் ஜில்லாவில் .32 ரிவால்வர் செய்கிறார்கள். காலம் எப்படியெல்லாம் திரும்புகிறது பாருங்கள்!

ரிவால்வரா, பிஸ்டலா என்பது அடுத்த கேள்வி. ரிவால்வரில் ஆறு தோட்டா கொண்ட உருளை ஒன்று சுழலும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுக்கவேண்டியதுதான். அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும். மேல் பாகத்தை வலுவாகப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழாய்க்குள் ஏறும். தோட்டா சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கப் பழக்கம் வேண்டும். பழக்கம் குறைந்தவருக்கு ரிவால்வரே மேல் என்று எவரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஆனால் ரிவால்வரின் விசை கனம். சுத்தியலை முன்கூட்டிப் பின்னுக்குத் தள்ளாமல் சுடுவதென்றால் விரலில் நல்ல பலம் வேண்டும். மூட்டு வாதத்தினால் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறவள் என் அக்கா.

"பெண்களுக்கென்றே ஒன்று செய்திருக்கிறார்களாமே?" என்றான் மருமான். உண்மைதான். 2014 ஜனவரியில் கான்பூரில் 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டார்கள். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு வந்த பெயர். எடை அரைக் கிலோதான். அப்போது விலை சுமார் 1,22,000 ரூபாய். கைப்பையில் வைக்க லேசாக இருப்பது சௌகரியமே. ஆனால் எடை குறையக் குறையச் சுடும்போது கையில் விழும் உதை அதிகமாகும் என்பதைக் கடைக்காரர் முதலில் சொல்லமாட்டார்.

இது நிற்க. கரடிக்கு வருவோம்.

அமெரிக்காவில் அலாஸ்கா போன்ற இடங்களில் காட்டுக்குப் போகிறவர்கள் கரடிக்காக இடுப்பில் ரிவால்வர் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உண்டு. அவர்கள் கட்டுவது 1955-ல் வந்த .44 மாக்னம் போன்ற பீரங்கிக் குட்டி. அதன் குண்டு கொண்டு போகும் சக்தி நம் .32 குண்டைப் போல் ஏழு மடங்குக்கு மேல். ஆக, நம் லைசென்ஸுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி மனிதனைப் பயமுறுத்தச் செய்யப்பட்டதே ஒழிய, நூறு கிலோவுக்கு மேல் வளரக்கூடிய, அடர்ந்த சடை மயிரும் தடித்த எலும்பும் உள்ள ஒரு மிருகத்தை அந்த க்ஷணமே நிறுத்தச் செய்யப்பட்டதன்று. காயம் பட்ட கரடி முன்னைவிட ஆபத்தானது. 1950களில் மைசூர் ராஜ்யத்து அரசிக்கெரேப் பக்கம் பலரைக் கொன்ற கரடியைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன் பெரிய ரைபிளும் வாழ்நாள் அனுபவமும் உள்ள வேட்டைக்காரர். அவருக்கே அது முதல் முயற்சியில் அகப்படவில்லை.

அலாஸ்காவிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்மித், ஹெரேரோ என்ற இருவரும் சக ஆராய்ச்சியாளர்களும் துப்பாக்கி இருந்த 269 கரடிச் சம்பவங்களை எடுத்துக்கொண்டு 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துப்பாக்கியைப் பிரயோகித்தவர்களுக்கும், கையில் இருந்தும் பிரயோகிக்காதவர்களுக்கும் காயம் பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லையாம். அதற்கு முன் 2008-ல், மிளகாய்ச் சத்தைப் பீய்ச்சும் குப்பியைப் பற்றி எழுதினார்கள். அது பத்தில் ஒன்பது தடவைக்குக் குறையாமல் கரடியைத் திருப்பியனுப்பியிருக்கிறது. இரண்டு தேசத்துக் கரடிகளும் ஒரே ஜாதியல்ல; அந்தக் குப்பியும் நம் கடைகளில் கைப்பைக்கு விற்கும் சின்னக் குப்பியல்ல. ஆனாலும் கணக்கு யோசிக்க வைக்கிறது.

நம் கரடியின் சுபாவம் வேறு. கறையானும் தேனும் பழமும் தின்று வாழும் பிராணி. மேல்வாய் முன்பற்களில் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சும். குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு போகும். கண்பார்வையும் காதும் அவ்வளவு கூர்மையில்லை. மோப்பத்தை நம்பிய பிழைப்பு. தலையைப் புற்றுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்போது பத்தடி தூரத்தில் நாம் போய் நின்றால் திடுக்கிட்டு மேலே விழுகிறது; முகத்தையும் தலையையும் பிராண்டுகிறது. ஓடினால் நம்மைவிட வேகம். பத்து கஜத்தைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி வேண்டியதில்லை. உறையின் பித்தானைக் கழற்றி, ரிவால்வரை எடுத்து, குறிபார்த்து - நடக்கிற காரியமா? மைதானத்தில் அசையாமல் நிற்கும் அட்டையைச் சுடும்போதே என் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குறி தவறுகிறது. நீலகிரியில் தேனெடுக்கும் குறும்பர்கள் இந்தக் கரடிகளின் அண்டைவீட்டுக்காரர்கள். அவர்களிடம் ரிவால்வர் ஏது?

சட்டமும் ஒரு பக்கம் நிற்கிறது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நாம் அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக்கூடாது. சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே மீறல்தான். ஆகவே காட்டில் நடக்கப் போகும்போது பத்திரத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்பவர்களின் வாதம் சரணாலயத்து வாசலிலேயே அடிபட்டுப் போகிறது.

இவ்வளவுக்கும் மருமான் அசையவில்லை. "அம்மா வீட்டில் இருக்கிறாள், காட்டில் இல்லை. சத்தத்துக்காவது பயந்து ஓடாதா?" என்றான். நியாயமான கேள்விதான். சத்தம்தான் வேண்டுமென்றால் தகர டின் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அப்புறம்தான் நாங்கள் இருவருமே யோசிக்காத ஒரு சங்கதி புலப்பட்டது.

லைசென்ஸ் யாருக்கு? விண்ணப்பம் செய்யப் போகிறவன் பருத்திப்பட்டுவாசி. 2022 ஜனவரி முதல் எங்கள் பக்கத்துக்கு ஆவடியில் தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். அங்கே மனுக் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி பயிற்சிச் சான்றும் பெற்று லைசென்ஸ் வாங்கினால், அது அவன் பெயரில் இருக்கும். துப்பாக்கியும் அவனிடம்தான் இருக்கவேண்டும். கோத்தகிரியில் அம்மாவிடம் வைத்துவிட்டு வந்தால் இருவரும் குற்றவாளிகள். கரடி மலைமேலே, ரிவால்வர் ஏரிக்கரையிலே! அக்காவே நீலகிரி ஜில்லாவில் மனுச் செய்யலாம். 1959-ஆம் வருஷத்துச் சட்டம் தற்காப்புக்கென்று கேட்பவருக்கு நீளக் குழாய்த் துப்பாக்கி கொடுப்பதில் கொஞ்சம் தாராளம் காட்டுகிறது; கைத்துப்பாக்கி என்றால் மட்டும் தகுந்த காரணம் காட்டு என்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ்காரர்களைத் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி கூப்பிடுவதும் வழக்கம். கரடிக்கு அந்த ஒரு மாதம் விடுமுறை என்று எவரும் அறிவிப்பதில்லை.

இந்தச் சட்டத்தின் தகப்பன் பெயரைச் சொன்னால் பழைய காங்கிரஸ்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். லிட்டன் பிரபு 1878-ல் ஆயுதச் சட்டத்தையும், தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் ஒரே வருஷத்தில் கொண்டுவந்தார். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆயுதச் சட்டம் நீடித்தது. வெள்ளையருக்கு விலக்கு, நமக்கு விலங்கு. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டதாக, ஜனங்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகக் கேட்டது. 1950-ல் வந்த நம் சொந்த அரசியல் சட்டத்தில் அது இடம் பெறவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் சுடும் பயிற்சி முடிந்தது. குழாய்களைச் சோதித்தாயிற்று என்று நான் உரக்கச் சொன்னேன். உண்மையில் கடைசி ரைபிளை நான் சோதிக்கவில்லை. மழை வருகிற அவசரம். ஒரு பையன் விளையாட்டாக அதைத் தன் சிநேகிதன் பக்கம் திருப்பி விசையை இழுத்தான். 'க்ளிக்' என்றது. உள்ளே தோட்டா இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சப்தம் இன்றும் சில இரவுகளில் என்னை எழுப்பிவிடுகிறது. இத்தனை வருஷம் பழகிய நானே அப்படியென்றால், இரவு இரண்டு மணிக்கு, இருட்டில், கதவுக்கு அப்பால் இருப்பது கரடியா, சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பையனா என்று தெரியாத என் அக்கா கையில் அந்த ஆயுதத்தைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. இதை மருமானிடம் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. ஏரியை ஒரு சுற்று முழுவதும் மௌனமாகவே சுற்றி வந்தோம்.

அன்று மாலை அக்காவோடு தொலைபேசியில் பேசினோம். அவள் கேட்டதெல்லாம் இரும்புத் தகடு வைத்த பின்கதவு. உள்பக்கம் குறுக்கே போட ஒரு கம்பி. வாசலிலும் கொல்லையிலும் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்கு. எண்ணெயையும் வெல்லத்தையும் இரும்புப் பெட்டியில் வைத்து நடு அறைக்குக் கொண்டுவந்து விட்டாளாம். எச்சில் இலையைக் கொல்லையில் போடுவதை நிறுத்திவிட்டாள். வனத்துறைக்காரர்களின் நம்பரைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருக்கிறாள். விடியுமுன்னும் அந்தி மயங்கிய பின்னும் தேயிலைக்குள் போவதில்லை. போனாலும் கோலால் தட்டிக்கொண்டு, உரக்கப் பேசிக்கொண்டுதான். "யாரோடு பேசுவாய்?" என்று கேட்டேன். "உன் அத்திம்பேரோடுதான்" என்றாள்.

தச்சனுக்கும் கொல்லனுக்கும் முன்பணம் அனுப்பியாயிற்று. மருமான் அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கோத்தகிரிக்குப் போகிறான். ஆயுத லைசென்ஸ் மனுப் பாரம் மட்டும் இன்னும் என் மேஜைமேல் கிடக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் மை பேனாவினால் அழகாகப் பூர்த்தி செய்திருக்கிறான். காரணம் என்ற இடத்தில் பென்சிலால் 'அம்மா' என்று எழுதி, அழித்து, 'கரடி' என்று எழுதி, அதையும் அழித்திருக்கிறான்.