பேஞ்சோ கோஷ்டியில் யார் சத்தத்தையும் அணைக்காதீர்கள்

கோஷ்டி என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். இணையத்தில் அது நடக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

எங்கள் கோஷ்டியில் ஒன்பது பேர். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். யாரும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. திருச்சியிலும் கோவையிலுமாக எட்டுப் பேர், மகனோடு நியூஜெர்சி போய்விட்டவர் ஒருவர். வாத்தியம் புல்புல்தாரா. நம்மில் பலர் அதைத்தான் பேஞ்சோ என்போம். வட்டமாகத் தோல் போர்த்திய அமெரிக்கப் பேஞ்சோ வேறு. நம்முடையது 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் உருவான தைஷோகோத்தோவின் வழி வந்தது. இடது கையால் அழுத்த, டைப்ரைட்டர் மாதிரிக் கட்டைகள். முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவனுக்கு இதன் மேல் ஒட்டுதல் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஜூமில் சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்று எல்லோருக்குமே தோன்றும். வேண்டாம். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஜூமில் கால் நொடி தாமதம் என்றால் எண்பது மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். தெப்பக்குளத்தின் இந்தக் கரையில் நாகஸ்வரமும் அந்தக் கரையில் தவிலும் வைத்த கச்சேரிதான்! போதாததற்கு, பேச்சுக்காகச் செய்த அந்த ஏற்பாடு நம் சுருதிக் கம்பியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

ஆகவே தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்ப்பதே வழி. 2010-இல் எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை அவரவர் வீட்டிலிருந்தே பாடவைத்து, ஒரே பாட்டாகக் கோத்து யூடியூபில் போட்டார். நாங்களும் அப்படித்தான். நான் தாளத்தோடு ஒரு வழிகாட்டிப் பதிவு அனுப்புவேன். எல்லோரும் அதை இயர்போனில் கேட்டபடி வாசித்து, இன்னொரு போனில் பதிய வேண்டும். வழிகாட்டியில் நாலு எண்ணி முடிந்ததும் ஒரு கைதட்டல். அந்தத் தட்டல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் எல்லாம் பொருந்திவிடும். சுருதி ஒரு கட்டை. பழைய கம்பியை அவசரமாக முறுக்கினால் அறுந்துவிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சுலபம். சங்கடம் தொகுக்கும்போதுதான்.

எங்களில் மூத்தவருக்கு 81 வயது. கை நடுக்கம். சரணத்தில் எப்போதும் பின்தங்குவார். தொகுத்துத் தரும் பையன், எங்களில் ஒருவரின் பேரன், “அவர் படம் இருக்கட்டும் தாத்தா, சத்தத்தை மட்டும் மியூட் பண்ணிடலாம். அவருக்குத் தெரியவா போகுது?” என்றான். இரண்டு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரே பாட்டை இருபது தடவை வாசித்துத் திருத்தி அனுப்பியவர்கள்.

நான் சம்மதிக்கவில்லை. வாசிக்கிறவனுக்குத் தன் கம்பியின் சத்தம் தெரியாமல் போகாது. கை அசைய, ஒலி வராமல் ஒரு பெரியவரைப் படமாக மட்டும் உட்கார வைப்பது அவரை வெளியே அனுப்புவதைவிட மோசம். சரியாக வாசிக்கவில்லை என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லலாம். இங்கே யாரும் டிக்கெட் விற்கவில்லையே!

அவருக்கே போன் போட்டேன். “அண்ணே, சரணம் வேகமாகப் போகிறது. பல்லவியின் முதல் அடியை வாசியுங்கள், மற்ற இடத்தில் சுருதிக் கம்பியை மீட்டுங்கள்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “மீட்டுறது மட்டும்னா கை கேட்கும்ப்பா” என்றார். இப்போது பாட்டில் அடியில் ரீங்காரமாக ஓடுவது அவர் கம்பிதான். சில இடங்களில் விட்டுவிட்டுத்தான் வருகிறது. பையனிடம் அதைச் செப்பனிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த பாட்டுக்குப் பல்லவி முழுவதையும் கேட்டிருக்கிறார். வழிகாட்டிப் பதிவைக் கொஞ்சம் நிதானமான காலப்பிரமாணத்தில் செய்துகொண்டிருக்கிறேன். வேகம் பிடித்த அந்த இருவர் முணுமுணுப்பார்கள்.