புயலின் கண்ணுக்குள் ஒரு கேமரா

ஹரிக்கேன் எனப்படும் சூறாவளி கரையைக் கடக்கும் இடத்தில் நின்று படமெடுப்பவர்கள், அது வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். டொர்னாடோவை வண்டியில் விரட்டிப் போய், பக்கவாட்டில் ஒதுங்கிப் படமெடுத்துவிட்டுத் திரும்பலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள ஹரிக்கேனிடம் அது நடக்காது. விமான நிலையத்தை மூடுவதற்குள், பாலங்களை அடைப்பதற்குள் ஊருக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைந்தபின் புயல் ஓயும்வரை வெளியேற வழியில்லை.

எங்கே தங்குவது என்ற முடிவில்தான் உயிரே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம் பாதையைக் கணித்துச் சொன்னாலும், கடைசி நேரத்தில் புயல் கொஞ்சம் விலகினால் போதும், அதன் மையமான கண் பக்கத்து ஊருக்குப் போய்விடும். இவர்கள் தேடி வருவது அந்தக் கண்ணையும் அதைச் சூழ்ந்த மேகச் சுவரையும்தான். காற்றின் உச்ச வேகம் அந்தச் சுவரில் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்புறம் காற்று வலுவாக இருக்கும். கடலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே கூடுதலாக ஏறும். ஆகவே தேர்ந்தவர்கள் முதலில் விசாரிப்பது நிலத்தின் உயரம். அடுத்தது, கட்டடம் கான்கிரீட்டா என்பது. கேமராவுக்கு வாகான கோணமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுவர் தலைக்கு மேல் வரும்போது எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. மழை படுக்கைவாட்டில் அறையும், தகரக் கூரைகள் உரிந்து பறக்கும், அழுத்தம் சரியச் சரியக் காது அடைக்கும். பிறகு திடீரென்று காற்று அடங்கும். சில புயல்களில் நீல வானம்கூடத் தெரியும். அதுதான் கண். புயல் முடிந்தது என்று நம்பி வெளியே வருபவர்களுக்கு இதைவிட ஆபத்தான நேரம் இல்லை. சற்று நேரத்தில் மறுபக்கச் சுவர் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம் கண்டவற்றையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போகும்.

2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸின் டக்லோபான் நகரில், ஹையான் சூறாவளியைப் படமெடுக்க ஜோஷ் மோர்கர்மன், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ், மார்க் தாமஸ் ஆகிய மூவரும் ஒரு கான்கிரீட் ஓட்டலில் இருந்தார்கள். கண் நகருக்குச் சற்றுத் தெற்கே கடந்தது; நகரை ஒட்டிய விரிகுடாவின் தண்ணீர் ஊருக்குள் ஏறியது. தரைத்தள அறைகளில் சிக்கியவர்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு அலறினார்கள். மூவரும் படப்பிடிப்பை விட்டுத் தண்ணீரில் இறங்கி, மெத்தைகளை மிதக்கவிட்டு, அவர்களை மாடிப்படிவரை இழுத்து வந்தார்கள். நீருக்கடியில் கிடந்த ஏதோ ஒன்று கிழித்ததில் தாமஸின் காலில் ஆழமான காயம். அந்தச் சூறாவளி பிலிப்பைன்ஸில் 6,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது.

காற்றைத்தான் கேமராக்கள் விரும்புகின்றன. கொல்வதோ பெரும்பாலும் தண்ணீர். அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கரைமீறி ஏறிய கடல். மழை வெள்ளம், அலை எல்லாம் சேர்த்தால் பத்தில் ஒன்பது. இந்தத் துறையில் மிகவும் பயன்பட்ட படங்கள் கடல் ஏறுவதைக் காட்டுபவையே. அதைப் பிடிக்க மனிதன் நிற்கத் தேவையில்லை. புயலைப் படமெடுக்கும் மார்க் சடத் போன்றவர்கள் கேமராக்களைக் கரையோரம் பொருத்திவிட்டு விலகிவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் ஹரிக்கேன் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் அப்படி ஆளில்லாமல் விட்டுவந்த ஒரு கேமரா, தெருவில் தண்ணீர் ஏறி வீடுகளைப் பெயர்ப்பதை முழுவதும் பதிவு செய்தது. 'வீட்டை விட்டுக் கிளம்புங்கள்' என்ற எச்சரிக்கையை எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

ஆட்களைக் காலி செய்யச் சொன்ன ஊருக்குள் இவர்கள் நுழைவது தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது: சிக்கிக்கொண்டால் மீட்புப் படைதான் வர வேண்டும். சொந்தத் தண்ணீர், உணவு, எரிபொருள், முதலுதவிப் பை இல்லாமல் வருபவர் ஊருக்குச் சுமை.

ஆனால் கருவியோடு வருபவர் விட்டுச்செல்வது படம் மட்டும் அல்ல. வானிலை நிலையங்கள் அரிதான கரைகளில் அவருடைய காற்றழுத்தமானியே அருகிலுள்ள ஒரே சாட்சியாக இருப்பதுண்டு. 2015 அக்டோபர் 23 அன்று பட்ரீசியா ஹரிக்கேன் மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ கரையைக் கடந்தபோது, மோர்கர்மன் எமிலியானோ சபாட்டா என்ற சிற்றூரில் 937.8 மில்லிபார் அழுத்தத்தை அளந்தார். தேசிய ஹரிக்கேன் மையம் தன் இறுதி ஆய்வில் அந்த அளவையும் எடுத்துக்கொண்டது. கரை கடந்தபோது 920 மில்லிபார் என்றிருந்த மதிப்பீடு 932 ஆயிற்று. மணிக்கு 270 கிலோமீட்டர் என்று முதலில் சொன்ன காற்றின் வேகம் 240 ஆகக் குறைந்தது.