ஊரூர்க் குப்பத்துப் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டாமா?

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடற்கரை மணலில், ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம். மறு பக்கம் பெசன்ட் நகரின் மாடி வீடுகள். நடுவே வலையையும் படகையும் நம்பி வாழும் உழைப்பாளி மக்கள்.

ஒல்காட் என்ற அமெரிக்கரின் பெயர் ஒரு மீனவர் குப்பத்துக்கு எப்படி வந்தது? கோவையில் நூல் நூற்கும் தோழருக்கும், தஞ்சையில் நாற்று நடும் தோழருக்கும் அந்தக் கதையால் ஆவதென்ன?

ஆவது உண்டு. ஏழையின் பிள்ளை எதுவரை படிக்கலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அந்த ஊரில் 130 வருஷங்களுக்கு முன்பே எழுந்தது. அதே கேள்வி இன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு மீண்டும் வந்து நிற்கிறது.

ஐந்து பள்ளிக்கூடங்கள்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1882இல் சபையின் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. அன்று ஊரூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை, கிணறு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பே இதற்குச் சாட்சி. 1893இல் சென்னை சர்க்கார் இம்மக்களின் கல்விக்குச் சில சலுகைகளை உத்தரவாகப் போட்டது. ஆனால் காகிதத்தில் உள்ள உத்தரவு தானாகச் சேரிக்குள் நடந்து வராது.

1894இல் ஒல்காட் ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. ஒன்று இரண்டானது, இரண்டு ஐந்தானது. கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று கிளைகள் பரவின. அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். நன்கொடையும் சர்க்கார் மானியமும் சேர்ந்து அவற்றை நடத்தின. அக்கிரகாரத் தெருவில் நடக்கவே உரிமையில்லாத பிள்ளை கையில் பலகை பிடித்து எழுதியது சிறிய காரியமல்ல. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதற்கில்லை. அவை ஆரம்பப் பள்ளிகளாகவே நிறுத்தப்பட்டன. எழுத்து, படிப்பு, கணக்கு, அவற்றோடு வீட்டு வேலைக்குப் பயன்படும் கைவேலை. சேரிப் பிள்ளைக்கு இது போதும் என்பதே ஏற்பாடு. பிள்ளை ஏமாறாமல் கூலிக் கணக்குப் பார்க்கலாம், நல்ல வேலைக்காரனாகலாம். கல்லூரி என்ற பேச்சே இல்லை.

ஒரே மனிதர், இரண்டு அளவுகோல்

இதே ஒல்காட் கடலுக்கு அப்பால் இலங்கையில் என்ன செய்தார்? அங்கே அவர் ஊக்கத்தில் எழுந்த பௌத்தப் பள்ளிகளைப் பாருங்கள். கொழும்பில் ஆனந்தா 1886இல், கண்டியில் தர்மராஜா 1887இல், காலியில் மகிந்தா 1892இல் தொடங்கின. சின்னதாய்த் தொடங்கி, பெரிய பரீட்சைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளைகளை அனுப்பும் கல்லூரிகளாக வளர்ந்தன. அங்கே படித்தவர்கள் வக்கீலானார்கள், டாக்டரானார்கள், மந்திரியானார்கள்.

அங்கே கல்லூரி, இங்கே ஆரம்பப் பள்ளி. ஏன் இந்த வித்தியாசம்? ஒல்காட்டின் நெஞ்சில் ஈரம் குறைந்துவிட்டதா? அப்படியல்ல. இலங்கையில் பள்ளியைக் கேட்டவர்களிடம் பணமும் செல்வாக்கும் இருந்தன. அவர்களே சங்கம் வைத்து நிர்வாகத்தில் உட்கார்ந்தார்கள். ஊரூரில் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு நிர்வாகத்தில் நாற்காலி ஏது? நல்ல மனம் படைத்த பெரியவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவுதான் கிடைத்தது.

இம்மக்கள் கேட்காமல் இருந்தார்களா? இல்லை. அயோத்திதாசரின் திராவிட மகாஜன சபை 1891லேயே கல்வியும் உத்தியோகமும் கோரியது. 1898இல் அயோத்திதாசர் ஒல்காட்டைச் சந்தித்து, அவரோடு இலங்கைக்கும் போய் வந்தார். கேட்கும் வாய் இருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம்தான் இல்லை.

1907இல் ஒல்காட் இறந்தார். அவருக்குப் பின் சபையின் தலைமைக்கு வந்தவர் அன்னி பெசன்ட். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது, முதலில் அவர்கள் சுத்தம் பழகட்டும் என்று அவர் 1909இல் எழுதினார். அம்பேத்கர் அந்தக் கட்டுரையை 1945இல் தம் நூலில் எடுத்துப் போட்டு, உலகம் பார்க்கட்டும் என்று வைத்தார். தருமத்தின் எல்லை எதுவென்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஊரூரில் முதலில் தோன்றிய அந்தப் பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. நல்லது. ஆனால் நாலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வர எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது!

அப்பன் தொழில் போதுமாம்!

இந்தப் பழைய எண்ணம் வெள்ளையர்களோடு போய்விடவில்லை. 1953இல் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், பள்ளன் பிள்ளை உழட்டும் என்பதே அதன் அர்த்தம். மக்கள் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராஜ் சர்க்கார் அதைக் கைவிட்டது. 1956 முதல் பள்ளியில் மதிய உணவு பரவியது. சென்னை நகரசபை 1920லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதற்கு வழிகாட்டியிருந்தது. சோறு போட்ட இடத்தில் பிள்ளைகள் கூடினார்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பொய் அங்கே உடைந்தது.

புதுச் சட்டை

இன்று வந்திருக்கும் புதுச் சட்டை என்ன? அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்று ஓர் ஏற்பாடு. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டது. மறு வருஷம் முதல் பள்ளி திறந்தது. பணம் சர்க்காருடையது, நிர்வாகம் தனியாருடையது. இன்ன பலன் காட்டுவோம் என்று ஓர் ஒப்பந்தச் சாசனம் எழுதிக்கொடுத்துப் பள்ளி நடத்துவார்கள். 1994இல் ஹூஸ்டனில் தொடங்கிய 'கிப்' போன்ற வலையமைப்புகள் பல நகரங்களில் கிளை விட்டன. ஏழை நீக்ரோ மக்களின் பிள்ளைகளையும் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்புவதே குறி என்று அறிவித்தன.

இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வது சரியல்ல. பள்ளியில் சேரும் நாளிலேயே 'நீ கல்லூரிக்குப் போகப் போகிறாய்' என்று ஏழைப் பிள்ளையிடம் சொல்கிறார்கள். கூடுதல் நேரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனுப் போடவும் உதவித்தொகை கேட்கவும் கூட இருக்கிறார்கள். இவை நல்ல காரியங்கள். நம் பள்ளிகளுக்கும் வேண்டியவை.

ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். 2005இல் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் புயலும் வெள்ளமும் அழித்தன. மக்கள் வீடிழந்து சிதறிக் கிடந்த வேளையில் 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பொதுப் பள்ளிகள் வரிசையாகச் சாசன நிர்வாகிகள் கைக்குப் போயின. சில வருஷங்களில் அந்த நகரில் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளுமே அவர்களுடையவை. மில்லில் பெர்மனன்ட் ஆளை நீக்கிவிட்டுக் காண்டிராக்ட் ஆளை வைக்கும் வித்தை நமக்குப் புதிதா? அந்த வித்தைதான் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது.

நம் நாட்டிலும் முயன்று பார்த்தார்கள். 2017இல் ராஜஸ்தான் சர்க்கார் 300 பள்ளிகளைத் தனியாரோடு கூட்டாக நடத்தத் திட்டம் போட்டது. ஆசிரியர்களும் மக்களும் எதிர்த்தார்கள்.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப வலையமைப்பு வேண்டும், வாஸ்தவம். ஆனால் அந்த வலையமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் சர்க்கார் பள்ளி. குக்கிராமத்திலும் குப்பத்திலும் வேரூன்றி நிற்கும் அதைவிடப் பெரிய வலையமைப்பு எந்தச் சீமானிடம் உண்டு?

எந்த வகுப்போடு நிற்கிறது?

அப்படியானால் நம் சர்க்கார் பள்ளியில் குறையே இல்லையா? உண்டு.

முதலாவது, சட்டமே பாதியில் நிற்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. அன்று ஒல்காட் வரைந்த கோடு இன்று சில வகுப்புகள் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் படிப்பது இந்தச் சட்டத்தின் கண்ணில் உரிமையல்ல.

இரண்டாவது, கல்லூரி வாசலிலும் கேட் போட்டார்கள். தமிழ்நாடு தொழிற்கல்லூரி நுழைவுத் தேர்வை 2007இல் ஒழித்தது. 2017 முதல் நீட் என்ற பெயரில் மருத்துவத்துக்கு அது திரும்பி வந்தது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன் உள்ளே போனான். சர்க்கார் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியதாயிற்று. 2020இல் அவர்களுக்கென 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தபின்தான் கதவு கொஞ்சம் திறந்தது.

மூன்றாவது, மாவட்டம்தோறும் மாதிரிப் பள்ளிகள் என்று வைத்து, தேர்ந்தெடுத்த பிள்ளைகளை உயர்ந்த கல்லூரிகளுக்குத் தயார் செய்கிறார்கள். கூலிக்காரன் மகள் ஐ.ஐ.டி.க்குப் போனாள் என்று கேட்டால் நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? மாதிரி என்று ஒன்றை வைப்பது மற்றவையும் அதுபோல ஆவதற்குத்தானே! ஒரு பள்ளி பிரகாசிக்க, பக்கத்துப் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியர் இல்லை என்றால், அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியுமா?

2021-22ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்கின்படி, தமிழ்நாட்டில் கல்லூரி வயதுள்ள 100 பேருக்கு 47 என்ற அளவில் உயர்கல்விக்குப் போகிறார்கள். இந்தியா முழுவதற்கும் அது 28.4தான். மக்கள் போராடிப் பெற்ற பலன் இது, பெருமைப்படலாம். ஆனால் மீதிப் பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? விவசாயக் கூலி வீட்டிலும் மீனவர் குப்பத்திலும் போய்ப் பாருங்கள், தெரியும்.

கல்லூரிச் சேர்க்கை நடப்பது மே, ஜூன், ஜூலையில். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குப் பிறகுதான் டெல்டாவில் நடவு வேலை, கையில் கூலி. மனுவுக்கும், பஸ்ஸுக்கும், ஹாஸ்டலுக்கும் பணம் வேண்டிய நேரத்தில் வீட்டில் காசு இல்லை. குப்பத்திலும் இப்படித்தான். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கும் மாதங்களில் அரையாண்டுப் பரீட்சை வருகிறது. பிள்ளைக்கு மூளை இல்லாமல் படிப்பு நிற்கவில்லை. வீட்டில் பணம் இல்லாமல் நிற்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது இதனால்தான் பலன் தந்தது.

நாம் கேட்பது என்ன?

கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை சட்டமாக்கு! எல்லாப் பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியரை நியமி! ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரி மனு, உதவித்தொகை, சாதிச் சான்று இவற்றுக்கெல்லாம் வழிகாட்ட முழுநேர ஆசிரியர் ஒருவரை வை! சேரியிலும் குப்பத்திலும் விளக்கோடு மாலைப் படிப்பகம் திற! கல்லூரி உள்ள ஊரெங்கும் ஹாஸ்டல் கட்டு! சேர்க்கை மாதத்திலேயே உதவித்தொகையைக் கையில் கொடு!

சர்க்காரைக் கேட்டால் மட்டும் போதாது. நம் கையில் ஓர் ஆயுதம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அதே 2009 சட்டம் சொல்கிறது. ஒல்காட் காலத்து ஊரூர்ப் பெற்றோருக்குக் கிடைக்காத நாற்காலி இது. ஆனால் பல ஊர்களில் அது காலியாக, அல்லது ஊர்ப் பெரியவர் கையில் கிடக்கிறது. கூலி போய்விடும் என்று நாம் கூட்டத்துக்குப் போவதில்லை. கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள்.

இதே அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாதான் 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளரோடு நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். அவருக்கு நன்றி. ஆனால் வாடியா போன பிறகும் சங்கம் நின்றது. ஏன்? சந்தா கொடுத்தவன் தொழிலாளி, கூட்டத்துக்கு வந்தவன் தொழிலாளி, அடிபட்டவன் தொழிலாளி. மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலாகி, 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலரும் நமக்குக் காட்டிய பாதை இதுதான். பெரியவர் வந்து உதவலாம், காரியம் நம்முடையது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போகும் தோழர், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போகட்டும். தன் மனைவியை அதில் நிற்கச் சொல்லட்டும். கணக்கு ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்கட்டும். போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் இன்று எங்கே இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேட்கட்டும்.

ஊரூர்க் குப்பத்துப் பிள்ளை எதுவரை படிக்கலாம் என்பதை அன்று கர்னல் தீர்மானித்தார். இன்று எந்தக் கம்பெனியும் தீர்மானிக்க விடக்கூடாது. அந்தப் பிள்ளையின் தாய் தீர்மானிக்கட்டும்.