முப்பத்தோராவது நாள் வியாதி

எங்கள் வகுப்பில் ஒரு வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. எல்.எல்.ஆர் கைக்கு வந்த அன்றே காலண்டரில் முப்பது நாள் எண்ணுவது, முப்பத்தோராவது நாள் டிரைவிங் டெஸ்ட்டுக்கு ஸ்லாட் போடுவது. "ஓட்டத் தெரியுமா மச்சி?" என்று கேட்டால், "அதெல்லாம் டிரைவிங் ஸ்கூல்காரர் பாத்துப்பார்டா" என்று பதில். பரீட்சை நமக்கு, பார்த்துக்கொள்வது அவராம்! இந்தப் பதிவு அந்த வியாதிக்கு எதிராக. திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

முதலில் என் கதை. நானும் ஒரு பேக்கேஜில் விழுந்தவன்தான். எல்.எல்.ஆர், பதினைந்து நாள் கார் வகுப்பு, டெஸ்ட், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே ரேட். "தம்பி, நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் ஓனர். காலை ஆறு மணிக்கு ஒரே காரில் நான்கு பேர். நாற்பது நிமிட வகுப்பில் ஸ்டீரிங் என் கையில் இருந்தது பத்து நிமிடம். கிளட்சும் பிரேக்கும் மாஸ்டர் காலடியிலும் இருந்ததால், ஓட்டியது நானா அவரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பி.காம் படிப்பவன் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? 15 நாள், தினம் 10 நிமிடம். மொத்தம் இரண்டரை மணி நேரம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 31-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது, நிஜமாக வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது. கால் கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு ஒரு கிலோவுக்குப் பில் போட்டால் மளிகைக் கடையில் சண்டை போடுவோம். இங்கே மட்டும் "தேங்க்ஸ் சார்" சொல்லிவிட்டு வருகிறோம்.

காரணம் பயம். "தனியாப் போனா பெயில் பண்ணிடுவாங்க" என்ற ஒரே வரியை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. சரி, பெயில் ஆனால் என்ன நஷ்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 9-ஆவது பிரிவின்படி ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். 2016 டிசம்பரில் மாற்றப்பட்ட கட்டணப்படி ஒரு வகை வண்டிக்கு மறு தேர்வு 300 ரூபாய். மூன்று தடவை தோற்றால்தான் 60 நாள் இடைவெளி. எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் என்பது "இதற்கு முன்னால் வராதே" என்று போட்ட கோடு. நாம் அதை வருமான வரி கட்டும் கடைசித் தேதி மாதிரி எடுத்துக்கொள்கிறோம். மீதி ஐந்து மாதம் எதற்கு இருக்கிறது? பழகத்தான்.

"டெஸ்ட்டில் எட்டுதானே போடச் சொல்கிறார்கள், அதற்கு ஐந்து மாதமா?" என்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊர் மைதானத்தில் பைக்குக்குக் கால் ஊன்றாமல் எட்டு, காருக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் ரிவர்ஸ். இரண்டு நிமிடத்தில் ஆள் முடிந்தது. ஆனால் 15-ஆவது விதியில் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று ஒரு நீளமான பட்டியலே இருக்கிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, முந்துவது, சந்திப்பில் கவனிப்பது, அவசரத்தில் நிறுத்துவது... நான் பார்த்த டெஸ்ட்டில் அதில் கால்வாசிகூட இல்லை. டெஸ்ட் சின்னது என்பது உண்மை. அதற்காக ரோடும் சின்னதாகிவிடுமா?

என் நண்பன் ஒருவன் எட்டை அச்சில் வார்த்த மாதிரி போட்டான். லைசென்ஸ் வந்து பத்தே நாள். சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது வலது பக்கம் பார்க்கவில்லை. காய்கறி மூட்டையோடு டி.வி.எஸ் 50-ல் வந்த பெரியவர் விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றுதான். "லைசென்ஸ் இருக்காப்பா?" இவன், "இருக்குங்கய்யா" என்றான். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. இவனும்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு புரளி: "ஸ்கூலில் படித்தால் டெஸ்ட்டே வேண்டாமாம்". 2021 ஜூலையில் வந்த விதி அது. சிமுலேட்டர், டெஸ்ட் டிராக் எல்லாம் வைத்து அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்குத்தான் அது பொருந்தும். அங்கே காருக்கு 29 மணி நேரப் பயிற்சி. தெருமுனை ஸ்கூலின் இரண்டரை மணி நேரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான் என்ன செய்தேன்? பேக்கேஜை விட்டேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார, முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி, இரண்டு மாதம் ஓட்டினேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்பப் பழகினேன். பஸ் ஸ்டாண்டு நெரிசல், மழை, ராத்திரி எதிர் லைட் எல்லாம் பார்த்தேன். சித்தப்பா "இனி எனக்குத் தூக்கம் வருதுடா" என்று சொன்ன பிறகுதான் சாரதி தளத்தில் நானே ஸ்லாட் போட்டேன். முதல் நாள் ராத்திரியே ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, எல்.எல்.ஆர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, இண்டிகேட்டர், பிரேக் லைட் பார்த்தேன்.

போனேன். பெயில்! ரிவர்ஸில் வண்டி அணைந்துவிட்டது. 300 ரூபாய் கட்டி, ஏழு நாள் கழித்துக் கிடைத்த ஸ்லாட்டில் மறுபடி போய் பாஸ் ஆனேன். அந்த 300 ரூபாய்தான் நான் செய்ததிலேயே நல்ல செலவு. அதற்கப்புறம் ரிவர்ஸில் வண்டி அணைந்ததே இல்லை.

ஆகவே மக்களே, ஸ்லாட் போடுவதற்கு முன் காலண்டரைப் பார்க்காதீர்கள். உங்கள் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பெரிய பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியும் என்றால் போடுங்கள்.

டிஸ்கி: எல்லா டிரைவிங் ஸ்கூலும் இப்படி இல்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் உண்டு. அவர்களுக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். கற்றுத்தருவதற்குக் கொடுங்கள், பாஸ் போடுவதற்கு அல்ல.