பலாப்பழம் தூக்கும்போது முதுகு பத்திரம்!

பலா சீசனில் கொல்லிமலை சோளக்காடு சந்தைக்குப் போனால், தலையில் சும்மாடு வைத்து பலாப்பழமோ வாழைத்தாரோ சுமந்து வருபவர்களைப் பார்க்கலாம். வண்டி போகாத தோட்டத்திலிருந்து எல்லாமே தலைச்சுமைதான். அவர்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், வருமானமும் நின்றுவிடும்.

'ஜவ்வு விலகிடுச்சு' என்கிறோமே, உண்மையில் எதுவும் இடம் மாறுவதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது டிஸ்க். அதன் வெளி வளையம் கிழிந்தால், உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். பெரும்பாலும் கீழ்முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது நடக்கும். அதனால்தான் வலி பிட்டம், தொடை வழியாகப் பாதம்வரை 'சுரீர்' என இறங்குகிறது.

தலையில் சுமப்பதைவிட, தரையிலிருந்து தூக்கும் நொடிதான் ஆபத்தானது. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பினால் ஆபத்து இன்னும் அதிகம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து பாரம் தூக்காதீர்கள்.

தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல், காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். பெரிய பழமா? இருவராகத் தூக்குங்கள். ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

வலியோடு தூக்குவது வீரமல்ல. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, கீழ்முதுகு வலியால் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகினார். குணமாகித் திரும்பியவர், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

டிஸ்க் பிரச்னை என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மருந்து, பிசியோதெரபி, மிதமான நடை ஆகியவற்றாலேயே சில வாரங்களில் வலி குறைந்துவிடும். நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல.

ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீரே பிரியாமல் இருப்பது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுளுக்கு எடுக்கவோ எண்ணெய் தேய்க்கவோ உட்காராதீர்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலே நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். எனவே 'விடியட்டும், போய்க்கலாம்' என்று காத்திருக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்.